ஊஞ்சல் காட்சியில் சத்தம் இல்லை

அந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று எங்களுக்குப் பல வருஷம் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருந்த பிரதியில் ஆரம்பம் கிடையாது. படம் திறக்கும்போதே கதாநாயகன் பெட்டி படுக்கையோடு ஒரு வாடகை வீட்டின் பூட்டோடு போராடிக்கொண்டிருப்பான். அதனால் தலைப்பும் இல்லை, நடித்தவர்கள் பெயரும் இல்லை. நானும் என் மனைவியும் அதற்கு ‘சாம்பார்ப் பேய்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

கதை இவ்வளவுதான். ஒரு கல்யாணச் சமையல்காரர். அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது. உப்பு பார்ப்பதற்காகக் கரண்டியை வாயருகே கொண்டுபோகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறார். உப்பு சரியாக இருந்ததா என்று தெரியாமல் போனதால் ஆவிக்கு நிம்மதி இல்லை. அவர் இருந்த வீட்டுக்கு வாடகைக்கு வரும் பயந்தாங்கொள்ளி குமாஸ்தா ஒருவனுடைய கண்ணுக்கு மட்டும் அவர் தெரிவார். கூப்பிட வேண்டுமென்றால் விளக்கைத் தணித்துத் தணித்து ஏற்றுவார். அவன் வைக்கிற குழம்பையெல்லாம் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார். அவ்வளவு பெரிய மீசை வைத்த பேய், பல்லியைக் கண்டால் பரணில் ஏறிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட படங்களுக்குத்தான் மரியாதை. கறுப்பு வெள்ளை, யாரும் கேள்விப்படாதது, பேய் வர வேண்டும், சிரிக்கவும் வேண்டும். கரண்டி அந்தரத்தில் மிதந்தால் அதைத் தூக்கும் நூல் தெரிய வேண்டும். பேய் மறையும்போது ஒரு வெட்டு விழும்; அந்த வெட்டில் மூலையில் இருக்கும் குத்துவிளக்கு ஒரு சாண் தள்ளிப்போய் நிற்கும். என் மனைவி எதையும் விடமாட்டாள். ‘பாருங்க, விளக்கு நடந்துடுச்சு’ என்பாள். இன்னொரு படத்தில் எமலோகம் என்று பஞ்சைப் பிய்த்துப் பரப்பியிருப்பார்கள். அதில் நடக்கிற எமதூதனின் காலில் பஞ்சு ஒட்டிக்கொண்டே வரும். அவன் அதை உதறிக்கொண்டே வசனம் பேசுவான். அந்த உதறலுக்காகவே அந்தப் படத்தை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம்.

எனக்கு இந்தப் படங்கள் பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. நான் பிறவிக் கவலைக்காரன். காஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூடினோமா என்று பார்க்கப் போய், பார்த்தோமா என்று மறுபடியும் போகிற ஜாதி. தாம்பரத்தில் ரயில் பத்து நிமிஷம் தாமதம் என்றால் என் மனசில் அதற்குள் ஒரு விபத்தே நடந்து முடிந்திருக்கும். இப்போது வருகிற பேய்ப் படங்கள் எனக்கு ஆகாது. புதுப் படத்துப் பேய் பழிவாங்க வருகிறது. பழைய படத்துப் பேய் ஒரு வாய் காபி கேட்டு வருகிறது. செத்தவர்கள் எங்கும் போய்விடவில்லை, ஏதோ சின்னக் குறைக்காக இங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தப் படங்கள் சொல்லும்போது, என்னை மாதிரி ஆளுக்கு இரண்டு மணி நேரமாவது மூச்சு சீராக வரும்.

சாம்பார்ப் பேயில் ஒரு குறை இருந்தது. கடைசியில் ஓர் ஊஞ்சல் காட்சி. பேய் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும், குமாஸ்தா கீழே தரையில். பேய் நெடுநேரம் ஏதோ சொல்லும், அவன் பதில் சொல்வான், பிறகு தேம்பித் தேம்பி அழுவான். பேய் எழுந்து போய்விடும், ஊஞ்சல் மட்டும் ஆடும். இந்தக் காட்சி முழுக்கச் சத்தம் கிடையாது. பிரதியில் அந்த இடத்தில் ஒலி போய்விட்டது. போவதற்கு முன் பேய் என்ன சொன்னது என்பது தெரியவே தெரியாது.

முதல் தடவை பார்த்தபோது நான் தொலைக்காட்சியின் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேயின் வாயசைவுக்குக் கட்டைக் குரலில் பேச ஆரம்பித்தாள். ‘தம்பி, சாம்பாருல உப்பு போட்டாச்சா?’ நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் குமாஸ்தா வாயைத் திறந்தான். என்னையறியாமல், ‘போட்டாச்சு அண்ணே. நீங்க போட்டீங்கன்னு தெரியாம நானும் ஒரு கை போட்டுட்டேன்’ என்றேன். அதற்குத்தான் அவன் அழுகிறான் என்று ஆகிவிட்டது. இருவரும் தரையில் உருண்டு சிரித்தோம்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படம் பார்ப்போம். சாம்பார்ப் பேயின் முறை வரும்போதெல்லாம் ஊஞ்சல் காட்சிக்கு அவள் பேய், நான் குமாஸ்தா. முதல் கேள்வியும் முதல் பதிலும் மாறாது. மற்றதெல்லாம் அன்றைக்கு வாயில் வருவது. செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீட்டு வாடகை ஏறியதைப் பற்றிப் பேய் புலம்பியிருக்கிறது. கேம்ப் ரோட்டில் தோண்டிப் போட்ட பள்ளத்தை மூட எமனிடம் மனு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் மகள் கல்யாணமாகி பெங்களூர் போன வாரம் பேய் நடுவில் கொஞ்சம் அழுதது. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவளுடைய குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் ஆசிரியை. வகுப்பில் செய்யுள் சொன்னால் வெளியே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் பாடம் நடந்துவிடும். ஒலிபெருக்கி பழுதான ஓர் ஆண்டு விழாவை வெறும் தொண்டையால் நடத்தி முடித்தவள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் பெரிதாகிக்கொண்டே போவதால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ‘லீவுல வெச்சுக்கலாம்’ என்றாள் அவள். எல்லா வியாதியையும் மே மாதத்துக்குத் தள்ளி வைப்பது ஆசிரியர்களின் பழக்கம். பல் பிடுங்குவது, கண்புரை, முட்டி வலி எல்லாம் முழுப் பரீட்சை முடிகிற வரை காத்திருக்கும். அவளுடைய கட்டியும் விடைத்தாள் திருத்தி முடிக்கும் வரை காத்திருந்தது.

கட்டிக்குப் பக்கத்திலேயே குரலை அசைக்கிற நரம்பு ஓடுகிறது என்று டாக்டர் முன்கூட்டியே படம் போட்டுக் காட்டினார். நான் அன்றிரவு தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்று வந்தது. அவ்வளவுதான் வந்தது.

‘நரம்பு அறுபடலை சார். கொஞ்சம் அதிர்ச்சியில இருக்கு’ என்றார் டாக்டர். ‘பெரும்பாலும் தானா சரியாயிடும்.’

‘பெரும்பாலும்னா?’

‘பெரும்பாலும்னா பெரும்பாலும்தான் சார்.’

கொஞ்ச நாள் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்தப் ‘பெரும்பாலும்’ என்கிற வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். பல் தேய்க்கும்போது அது இருந்தது, சோறு வடிக்கும்போது இருந்தது. கீழ் வீட்டு அக்கா சுக்குக் கஷாயத்தோடு மாடியேறி வந்து ஆறுதல் சொன்னார். ‘கவலைப்படாதீங்க. எங்க பெரியம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான். கடைசி வரைக்கும் குரல் வரலை. ஆனா நல்லா இருந்தாங்க’ என்றார். இப்படி ஆறுதல் சொல்கிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கஷாயத்தை மட்டும் வாங்கி வைத்தேன்.

ஒரு வீட்டில் பேச்சு நின்றுவிட்டால் மற்ற சத்தமெல்லாம் பெரிதாகிவிடுகிறது. குக்கர், மோட்டார், தூரத்தில் ரயில். கைபேசியில் தட்டிக் காட்டச் சொன்னேன். அவளுக்கு அவசரத்தில் எழுத்துப்பிழை வரும். தமிழ் ஆசிரியை பிழையோடு ஒரு வரியை அடுத்தவனுக்குக் காட்டுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று கைபேசியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கையைத் தட்டிக் கூப்பிடுவாள், தலையாட்டுவாள், முறைப்பாள். பாதிக்கு மேல் எனக்குப் புரியாது. புரியாதபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

இதற்கு நடுவில் கூடத்து விளக்கு மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாயங்காலம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். விளக்கு அணையும், எரியும், மறுபடியும் அணையும். நான் எழுந்து மாடிப்படியில் இருக்கும் மீட்டர் பெட்டியைப் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்தால் ஒழுங்காக எரியும். அடுத்த நாளும் அதேபோல். ஒயர் எங்கோ உருகுகிறது, வீடு பற்றிக்கொள்ளப் போகிறது, கத்தி உதவிக்குக் கூப்பிடக்கூட அவளால் முடியாது என்று என் மூளை வரிசையாக ஏற்பாடு செய்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

அவர் ஸ்டூலில் ஏறி விளக்கைக் கழற்றிப் பார்த்தார், மாட்டினார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ‘லைன்லாம் கரீட்டா கீது சார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

‘நீ இன்னா சார், சுவிச்ச தொட்டியா?’

‘நான் இங்கதானே நிக்கிறேன்.’

‘நானும் தொடல.’ அவர் ஸ்டூலைவிட்டு இறங்கினார். ஒரு நிமிஷம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, ‘சார், இது கரண்டு மேட்டரு மாதிரி தெரியல. வேற இன்னாவோ கீது. குன்றத்தூர் போயி முருகனுக்கு ஒரு அர்ச்சன பண்ணிட்டு வா சார்’ என்று சொல்லிவிட்டுப் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். டெஸ்டர் ஸ்டூலின் மேலேயே கிடந்தது.

திரும்பினால் படுக்கையறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கூடத்து விளக்கின் சுவிட்ச் படுக்கையறைக்குள், அந்த நிலைக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது. கட்டிலில் இருந்து கையை நீட்டினால் எட்டும். அவள் கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கைத் தணித்துத் தணித்து ஏற்றினால் பேய் கூப்பிடுகிறது என்று அர்த்தம். அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். அவள் நாள்கணக்கில் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் அவளை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போயிருக்கிறேன்.

அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் என் சிரிப்பு மட்டும் கேட்கிறது என்பது தெரிந்தது. அவளுடைய சிரிப்பைக் கேட்டுத்தான் கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்கள். நான் சிரிப்பதை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். ஒருவரையொருவர் பார்க்காமல் நான் ஸ்டூலை எடுத்துவைத்தேன், அவள் அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் லேசாக அசையத் தொடங்கியிருக்கிறது என்றார். ‘இனிமே பேசலாம்மா. பேசினாத்தான் பழகும். எங்க, ஏதாவது சொல்லுங்க.’

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

‘பரவாயில்லை, வீட்டுல போய் முயற்சி பண்ணுங்க’ என்றார்.

வீட்டிலும் அவள் பேசவில்லை. முதலில் அவளால் முடியவில்லை என்று நினைத்தேன். பிறகுதான், அவள் முயற்சி செய்யவே இல்லை என்று புரிந்தது. வாயைத் திறந்தால் என்ன குரல் வருமோ என்று பயம். திறக்காத வரைக்கும் பழைய குரல் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. கவலைப்படுகிற வேலை இத்தனை வருஷம் என்னுடையதாக இருந்தது. அவள் பயந்து நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அவளைப் பேசச் சொல்லாமல் இருந்தேன். உண்மையில் எனக்கும் அதே பயம்தான்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. தலைமை ஆசிரியை அழைத்தார். நான்தான் எடுத்துப் பேசினேன். குரல் சரியாகும் வரை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், வகுப்புக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அதை அவளிடம் சொன்னபோது அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவினாள்.

அந்த வாரச் சனிக்கிழமை எனக்கு இணையத்தில் ஒரு மீசை கண்ணில் பட்டது. எங்கள் பேயின் மீசை. வேறு யாரோ அதே படத்தின் முழுப் பிரதியை ஏற்றியிருந்தார்கள். ஆரம்பம் இருந்தது, தலைப்பு இருந்தது. ஊஞ்சல் காட்சிக்கு ஓட்டிப் பார்த்தேன். சத்தமும் இருந்தது. நான் உடனே நிறுத்திவிட்டேன், அவள் இல்லாமல் கேட்கக் கூடாது என்று.

ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் அந்தப் படத்தின் பக்கமே போகவில்லை. எமதூதன் படத்தைப் பார்த்தோம், மண்டையோடு ஜோசியம் சொல்லும் இன்னொரு படத்தைப் பார்த்தோம். சாம்பார்ப் பேயைப் போட்டால் அந்த ஊஞ்சல் காட்சி வரும், சத்தமில்லாத இடம் வரும், பேய் வாயசைக்கும், பேச ஆள் இருக்காது. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. பேயே தன் வசனத்தைப் பேசிக்கொள்ளும். அவள் பேச வேண்டியதில்லை, நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இது நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் பாய் போட்டோம். திரையை இழுத்துவிட்டோம். தலைப்பு வந்தது. குடும்பம், தர்மம் என்று ஏதோ ஒரு பெயர். எங்கள் பேய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இந்தப் பிரதி தெளிவாக இருந்ததால் கரண்டியின் நூல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. விளக்கு தன் வழக்கப்படி நடந்தது. அவள் அதை விரலால் காட்டினாள்.

ஊஞ்சல் காட்சி வந்தது. பேய் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக நாங்கள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட அந்தப் பேச்சு ஒரு பிரசங்கம். சோம்பேறித்தனம் கூடாதாம். சிக்கனமாக வாழ வேண்டுமாம். மனைவி சொல்வதை முழுக்கக் கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்தாம். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாம்பாரையே மறந்துவிட்டு மேடைப் பேச்சாளர் மாதிரி விரலை நீட்டிக்கொண்டிருந்தது எங்கள் பேய்.

நான் மெதுவாகத் திரும்பினேன். அவள் முகம் சுருங்கியிருந்தது. குமாஸ்தாவின் குழம்பை முகர்ந்த பேயின் முகம் அப்படியே. கையை நீட்டி ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தை நிறுத்தினாள்.

மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரையில் பேயின் வாய் அசைந்தது. நான் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

‘தம்பி.’

காய்ந்த வாணலியில் கரண்டி உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பாதி காற்று, பாதி கரகரப்பு. அவள் நிறுத்தினாள், எச்சில் விழுங்கினாள், கழுத்துத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

‘தம்பி. சாம்பாருல உப்பு போட்டாச்சா?’

அது அவளுடைய குரல் இல்லை. பிள்ளைகள் நிறைந்த வகுப்பை இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டி மேய்ப்பாள் என்று என் புத்தி அப்போதும் கணக்குப் போட்டது. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தப் பேய்க்கு இவ்வளவு பொருத்தமான குரல் வாய்த்ததே இல்லை. செத்துப்போன ஒருவர் திரும்பி வந்து பேசினால் இப்படித்தான் பேசுவார்.

குமாஸ்தா வாயைத் திறந்தான். என் முறை. என் வாயும் திறந்தது. ஒன்றும் வரவில்லை. குமாஸ்தா பேசி முடித்துவிட்டு அழத் தொடங்கினான். எனக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

முழங்கையால் என்னை இடித்தாள். ‘உங்க டயலாக்குங்க’ என்றாள் அதே கரகரப்பில்.

என்னால் முடியவில்லை. கையால் பொறு என்று காட்டினேன். அதற்குள் பேய் எழுந்து போய்விட்டது. ஊஞ்சல் மட்டும் தனியாக ஆடியது. அவள் விடவில்லை. ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினாள். போன பேய் முதுகைக் காட்டிக்கொண்டே வேகமாகத் திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தது. அவள் மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.

‘போட்டாச்சு அண்ணே’ என்றேன். எங்கள் இருவரில் என் குரல்தான் மோசமாக இருந்தது.